எரிக் கேம்பெலின் தலையை வெட்டாதீர்கள்

மௌனப் படங்களைத் தமிழ்க் குரலோடு வெளியிடும் இணையத் தளத்தின் நிர்வாகத்தாருக்கு,

உங்கள் தளத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. யாருக்கு எழுதுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பினேன், இரண்டு முறையும் பதில் வந்தது. முதல் பதிலில், திரையின் இரு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிவது பார்ப்பவர்களுக்குப் பிடிக்கவில்லை, அதனால் படத்தைப் பெரிதாக்கித் திரையை நிரப்புகிறோம் என்றீர்கள். இரண்டாவது பதிலில், வெட்டாத பழைய பிரதிகளையும் இந்த மாதக் கடைசியில் நீக்கிவிடப்போவதாகச் சொன்னீர்கள். முதல் பதிலோடு நான் பேசாமல் இருந்திருப்பேன். இரண்டாவதற்குப் பிறகு முடியவில்லை.

சாப்ளின் 1916, 1917 ஆண்டுகளில் மியூச்சுவல் நிறுவனத்துக்காக எடுத்த 12 குறும்படங்களை வெளியிட்டிருக்கிறீர்கள். அவற்றில் 11 படங்களில் ஒரே மனிதர் சாப்ளினுக்கு எதிரே நிற்கிறார். ஒரு படத்தில் கடை மேலாளர், ஒன்றில் தீயணைப்புப் படைத் தலைவர், ஒன்றில் தையல்காரர், ஒன்றில் சந்துக்கே ராஜாவான ரவுடி, ஒன்றில் உணவகத்தின் தலைமை சர்வர். அவர் பெயர் எரிக் கேம்பெல். இங்கிலாந்தில் பிறந்து, அங்கே மேடையில் வளர்ந்து, ஹாலிவுட்டில் இரண்டு ஆண்டுகூட முழுதாக நடிக்கக் கொடுத்துவைக்காத மனிதர். உங்கள் தளத்தில் அவர் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. பல காட்சிகளில் அவர் தலையும் இல்லை.

இதை முதலில் கண்டுபிடித்தது நானல்ல, என் பேத்தி. எட்டு வயது. போனில் உங்கள் தளத்தில் 'தி இமிக்ரன்ட்' ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் சிரிப்பதைக் கேட்கக் காத்திருந்தேன். கப்பல் காட்சியில் சிரித்தாள். உணவகக் காட்சி வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தாத்தா, இந்த ஆளுக்கு ஏன் மூஞ்சியே இல்ல?" என்று கேட்டாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தேன். மேசை தெரிகிறது, சாப்ளின் தெரிகிறார், பக்கத்தில் வெள்ளை ஏப்ரன் கட்டிய ஒரு பெரிய வயிறு நிற்கிறது. கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை.

நான் முப்பத்தைந்து வருஷம் தியேட்டரில் ஆப்பரேட்டராக இருந்தவன். 1974இல் ஒரு சின்ன ஊர்க் கொட்டகையில் பெட்டி தூக்கும் பையனாகச் சேர்ந்து, மெஷின் விளக்கின் கார்பன் குச்சி மாற்றக் கற்று, பிறகு மெஷினைத் தொட விட்டார்கள். ஸ்கோப் படம் வந்த புதிது. முதலாளி அகலத் திரை கட்டிவிட்டார். ஆனால் வருகிற எல்லாப் படமும் ஸ்கோப் இல்லையே. பழைய படத்தை அந்த அகலத் திரைக்கு நிரப்பி ஓட்டினால் மேலேயும் கீழேயும் வெட்டுப்படும். நெற்றிக்கு மேலே போய்விடும், சில சமயம் கண்ணே போய்விடும். உடனே தரை டிக்கெட்டிலிருந்து விசில் வரும். "ஆப்பரேட்டர்! தலை எங்கேயா?" என்று கூப்பாடு போடுவார்கள். ஃப்ரேமைத் திருகி ஏற்றி இறக்கித் தலையைக் கொண்டுவரும்வரை விடமாட்டார்கள். தலையைக் கொண்டுவந்தால் காலைக் காணோம் என்று இன்னொருவர் கத்துவார். கடைசியில் முதலாளியிடம் சொல்லி, பழைய படத்துக்குத் தனி லென்ஸ் வாங்கி, திரையின் இரண்டு ஓரத்தையும் கறுப்புத் துணியால் மூடினோம். யாரும் கறுப்புத் துணியைப் பற்றிப் புகார் சொன்னதில்லை. தலை தெரிகிறதா என்றுதான் பார்த்தார்கள்.

உங்கள் பார்வையாளர்கள் விசில் அடித்தால் உங்களுக்குக் கேட்காது. அதனால் அவர்கள் சார்பாக நான் கேட்கிறேன்.

கணக்கு எளிதானது. அந்தக் காலப் படச்சட்டத்தின் அகலம் நான்கு என்றால் உயரம் மூன்று. இன்றைய திரை பதினாறுக்கு ஒன்பது. அகலத்தை நிரப்பினால் உயரத்தில் சரியாகக் கால் பங்கு போய்விடும். நூற்றுக்கு 25. போனை நிமிர்த்திப் பிடித்துப் பார்ப்பவர்களுக்காக ஒரு நிமிடத் துண்டுகள் போடுகிறீர்களே, அதில் அகலத்தில் பாதிக்கு மேலே போய்விடுகிறது. அதாவது சாப்ளின் இருந்தால் கேம்பெல் இல்லை, கேம்பெல் இருந்தால் சாப்ளின் இல்லை. அடிப்பவர் ஒரு துண்டில், அடி வாங்குபவர் இன்னொரு துண்டில் இருந்தால் அதில் என்ன மிச்சம்?

வேறு எந்தப் படத்திலாவது கால் பங்கு போனால் ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். இந்தப் படங்களில் முடியாது. சாப்ளின் தம்மைத் தலை முதல் கால்வரை காட்டி எடுத்தவர். அவருடைய பாதி நடிப்பு பாதத்தில் இருக்கிறது. அவர் உயரம் ஏறத்தாழ 5 அடி 5 அங்குலம். கேம்பெல் 6 அடி 4 அங்குலத்துக்குக் குறையாதவர், எடை 130 கிலோ அளவில். சாப்ளினின் பாதமும் கேம்பெலின் புருவமும் ஒரே சட்டத்துக்குள் இருக்க வேண்டும். சட்டத்தின் அடி விளிம்பிலிருந்து மேல் விளிம்புவரை ஒரு அங்குலம் வீணாகாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். அந்த உயர வித்தியாசம்தான் கதை. அதைத்தான் நீங்கள் வெட்டுகிறீர்கள்.

அந்த உணவகக் காட்சியையே எடுத்துக்கொள்கிறேன். காசில்லாத சார்லி சாப்பிட உட்கார்ந்திருக்கிறான். வாசலில் கண்டெடுத்த ஒற்றைக் காசு பையின் ஓட்டை வழியாகப் போய்விட்டது அவனுக்குத் தெரியாது. பக்கத்து மேசைக்காரர் ஒருவரை சர்வர்கள் சேர்ந்து அடித்து நொறுக்கி வெளியே தள்ளுகிறார்கள். ஏன் என்று கேட்டால், பத்து சென்ட் குறைந்தது என்று பதில் வருகிறது. அதற்குப் பிறகு அந்தத் தலைமை சர்வர் மேசைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் ஒவ்வொரு தடவையும் நமக்கு வயிற்றைக் கலக்கும். பிறகு ஒரு காசு அந்த சர்வரின் பை ஓட்டை வழியாகவே தரையில் விழுகிறது. சார்லி அதன்மேல் காலை வைத்து மறைக்கிறான். மேலே அந்த முகம், கீழே அந்தக் கால், நடுவில் ஒரு மேசை. உங்கள் பிரதியில் முகத்தைக் காட்டிய இடத்தில் கால் இல்லை, காலைக் காட்டிய இடத்தில் முகம் இல்லை. ஒரு குழந்தை எதைப் பார்த்துப் பயப்படும், எதைப் பார்த்துச் சிரிக்கும்?

இங்கே நிர்வாகத்தார் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த சர்வர் வேடத்தில் முதலில் நடித்தவர் கேம்பெல் அல்ல. ஹென்றி பெர்க்மன் என்ற இன்னொரு நல்ல நடிகர். அவரை வைத்துக் காட்சியை எடுத்துக்கொண்டே போனார் சாப்ளின். அவரும் பருத்த உடம்புக்காரர்தான். ஆனால் பயம் வரவில்லை. எடுத்ததை ஒதுக்கிவிட்டு, கேம்பெலைப் போட்டு மறுபடி முதலிலிருந்து எடுத்தார். இது கட்டுக்கதையில்லை. மௌனப் படங்களை ஆராய்ந்த கெவின் பிரவுன்லோ, டேவிட் கில் இருவரும் கழித்துப்போட்ட பிலிம் சுருள்களைத் தேடிப்பிடித்து 1983இல் தொலைக்காட்சித் தொடராகக் காட்டினார்கள். பெர்க்மன் நடித்த துண்டுகளையும் கேம்பெல் நடித்த துண்டுகளையும் அதில் அடுத்தடுத்துப் பார்க்கலாம். மேசை அதேதான், சாப்ளினும் அவரேதான். ஆள் மாறியதும் காட்சி உயிர் பெறுகிறது. பருமன்தான் வேண்டும் என்றால் பெர்க்மனே போதும். கேம்பெலிடம் இருந்தது வேறு.

என்ன வேறு என்று கேட்டால், நான் பார்த்ததைச் சொல்கிறேன். எழுபதுகளின் கடைசியில், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு திரைப்படச் சங்கத்துக்கு 16 எம்.எம். மெஷின் ஓட்டிக் கொடுப்பேன். பள்ளிக்கூட ஹால், சுவரில் கட்டிய வேட்டிதான் திரை. மியூச்சுவல் படங்கள் பெட்டியில் வரும்போதெல்லாம் பக்கத்துத் தெருப் பிள்ளைகளும் வந்து தரையில் உட்கார்ந்துவிடும். 'ஈஸி ஸ்ட்ரீட்' ஓடும்போது திரையைவிடப் பிள்ளைகளின் முகத்தைத்தான் நான் அதிகம் பார்ப்பேன், மெஷின் பக்கத்திலிருந்து அது நன்றாகத் தெரியும். கேம்பெல் தெருவுக்குள் வந்ததும் சத்தம் அடங்கும். அந்தத் தெருக்கூட்டமே ஒதுங்கும்போது இந்தப் பிள்ளைகளும் உட்கார்ந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் நகரும். போலீஸ்காரன் சார்லி தடியால் அந்த மண்டையில் அடி அடி என்று அடிக்கிறான், கேம்பெலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பார்வையை எடுக்காமல் நிற்கிறார். பிறகு தம் பலத்தைக் காட்டத் தெருவிளக்குக் கம்பத்தைப் பிடித்து வளைக்கிறார். வளைந்து வந்த விளக்குக்குள் அவர் தலையையே மாட்டி, கேஸைத் திறந்துவிடுகிறான் சார்லி. அந்த இடத்தில் ஹாலே இடிந்து விழுவதுபோலச் சிரிப்பு வரும். முதலில் பயம், அப்புறம்தான் சிரிப்பு. அந்தப் பயம் உண்மையாக இல்லாவிட்டால் சிரிப்பும் உண்மையாக இருக்காது. கேம்பெல் ஒரு கணமும் சிரிக்க வைக்க முயல்வதில்லை. கோபமாக இருக்கிற ஆள் எப்படி இருப்பாரோ அப்படியே இருக்கிறார். எதிரே ஒரு பொடியன் குதித்துக்கொண்டிருக்க, அவர் அசையாமல் நிற்கிறார். அப்படி நிற்பது எவ்வளவு கடினம் என்று மேடை ஏறியவர்களைக் கேளுங்கள்.

இதை அவர் ஹாலிவுட்டில் கற்கவில்லை, கொண்டுவந்தார். லண்டனில் ஃப்ரெட் கார்னோவின் கம்பெனி என்று ஒன்று இருந்தது. பேச்சைக் குறைத்து உடம்பாலேயே நகைச்சுவை நாடகம் போடுகிற கம்பெனி. சாப்ளின் அங்கிருந்துதான் வந்தார், லாரல்-ஹார்டி ஜோடியின் ஸ்டான் லாரல் அங்கிருந்துதான் வந்தார், கேம்பெலும் அங்கே இருந்தவர். விழுவதற்கும், உதை வாங்குவதற்கும், சரியான நேரம்வரை காத்திருப்பதற்கும் அங்கே பயிற்சி. 1914இல் அமெரிக்க மேடைக்கு வந்தார். 1916இல் நியூயார்க்கில் அவரை மேடையில் பார்த்த சாப்ளின் தம் குழுவுக்குச் சேர்த்துக்கொண்டார். சாப்ளினுக்கு அப்போது மியூச்சுவலில் வாரத்துக்கு 10,000 டாலர், அதற்கு மேல் ஒப்பந்தத் தொகையாக 150,000 டாலர். உலகமே வாய் பிளந்த சம்பளம் அது. அந்தப் பணத்தையும் சுதந்திரத்தையும் வைத்துக்கொண்டு அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, தம்மைவிட ஓரடி உயரமான ஒரு மனிதரைத் தம் எதிரே நிற்க வைத்தது.

முதல் படம் 'தி ஃப்ளோர்வாக்கர்'. நகரும் படிக்கட்டு இருக்கும் கடை. கேம்பெல் மேலாளர். சாப்ளினைக் கழுத்தோடு பிடித்து ஒரு கையால் தூக்குகிறார். உங்கள் பிரதியில் தூக்கப்படுபவரின் கால்கள் தரையை விட்டுக் கிளம்புவது தெரிவதில்லை. கிளம்பாவிட்டால் அது தூக்குவதே இல்லையே! 'பிஹைண்ட் தி ஸ்க்ரீன்' படத்தில் கேம்பெலின் பாத்திரத்துக்குப் பெயரே கோலியாத், சாப்ளினுக்கு டேவிட், பைபிள் கதையின் ராட்சதனும் அவனை வீழ்த்தும் சிறுவனும். 'தி ரிங்க்' படத்தில் இருவரும் சக்கரக் காலணியோடு சறுக்குகிறார்கள். அதில் கேம்பெல் விழும் விழுகைகளை எண்ணிப் பாருங்கள், 130 கிலோ உடம்பு அத்தனை முறை விழுந்து எழுந்திருக்கிறது. சறுக்குகிற படத்தில் சக்கரத்தை வெட்டியிருக்கிறீர்கள். 'தி க்யூர்' படத்தில் அவருக்குக் கட்டுப் போட்ட கீல்வாதக் கால். சுழற்கதவில் அந்தக் கால் மாட்டுவதுதான் காட்சி. அந்தக் கட்டுப்போட்ட கால் உங்கள் பிரதியில் பாதி நேரம் சட்டத்துக்கு வெளியே இருக்கிறது. வலிக்கிற முகம் மட்டும் தெரிகிறது, எதற்கு வலிக்கிறது என்று தெரியவில்லை.

அப்புறம் அந்தக் குரல். படம் நெடுக ஒருவர் பேசிக்கொண்டே இருக்கிறார். "தடியன் வர்றான் பாரு", "குண்டன் விழுந்தான் பாரு", "இந்த மலைமாட்டுக்கு இன்னைக்கு நேரம் சரியில்ல." 'தி இமிக்ரன்ட்' ஒன்றிலேயே 'தடியன்' என்ற சொல்லை 31 தடவை எண்ணினேன். பேசுகிற தம்பிமேல் எனக்குக் கோபம் இல்லை, எழுதிக் கொடுத்ததைத்தான் அவர் படிக்கிறார். ஆனால் பள்ளிக்கூடத்தில் பருத்த பிள்ளைகளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதை என் பேத்தி வயதுப் பிள்ளைகள் இப்படித்தான் கற்கிறார்கள். அந்தப் படங்களே அந்த மனிதரை அப்படிக் காட்டவில்லை. அவர் பருமன் என்பதற்காக அவரைப் பார்த்து நாம் சிரிப்பதில்லை. மற்றவர்களை நசுக்குகிறவர் நசுங்கும்போது சிரிக்கிறோம். ஓர் ஏழை பணக்காரரையும் முரடரையும் ஏய்ப்பதைப் பார்த்துச் சிரிக்கிறோம். உங்கள் குரல் அதைத் தலைகீழாக்கிவிடுகிறது.

வேகத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு ரீல் படம் ஒவ்வொன்றும். இருபது, இருபத்தைந்து நிமிடம் ஓட வேண்டியது. உங்களிடம் பதினைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றி எடுத்தார்கள், ஓட்டும் வேகத்தில் கொஞ்சம் முன்பின் இருக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. கொஞ்சம் விரைவாக ஓடட்டும் என்று அவர்களே விட்ட இடங்களும் உண்டு. ஆனால் இவ்வளவு விரட்டினால் கேம்பெல் நிற்கும் அந்த நிற்றல் போய்விடுகிறது. அவர் மெதுவாகத் தலையைத் திருப்பி, தீட்டிய புருவத்தை உயர்த்தி, கீழே ஒருவன் இருப்பதைக் கண்டுபிடிக்க மூன்று நொடி எடுத்துக்கொள்வார். அந்த மூன்று நொடிதான் அவருடைய தொழில். அதை ஒரு நொடியாக்கிவிட்டீர்கள்.

பழைய படங்களை இப்படிக் கையாள்வது உங்களோடு தொடங்கியதும் அல்ல. பேசும் படம் வந்த பிறகு, 1932இல், வான் பியூரன் என்ற நிறுவனம் இந்தப் 12 படங்களையும் படத்துக்கு 10,000 டாலர் கொடுத்து வாங்கி, இசையும் சத்தமும் சேர்த்து மறுபடி வெளியிட்டது. மௌனப் படத்தின் பிலிம் ஓரத்தில் ஒலி பதியும் தடத்துக்கு இடம் ஒதுக்கும்போது சட்டத்தின் இடது ஓரம் அடிபடும். நான் ஓட்டிய 16 எம்.எம். பிரதிகளும் அந்த ரகம்தான். ஆனால் அதற்குப் பிறகு எவ்வளவு வேலை நடந்திருக்கிறது! இத்தாலியில் பொலோன்யா நகரத் திரைப்படக் காப்பகத்தாரும் பாரிஸின் லாப்ஸ்டர் ஃபிலிம்ஸ் நிறுவனத்தாரும் அமெரிக்காவின் டேவிட் ஷெப்பர்டும் சேர்ந்து, உலகமெங்கும் சிதறிக் கிடந்த பிரதிகளை ஒப்பிட்டு, சட்டம் சட்டமாக ஒட்டவைத்து இந்தப் படங்களை மீட்டார்கள். ஓரத்தில் போன அரை அங்குலத்தைத் திரும்பக் கொண்டுவருவதற்காக ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தவர்கள் அவர்கள். அவர்கள் மீட்டுக்கொடுத்ததில் கால் பங்கை நீங்கள் ஒரு பொத்தானில் தூக்கி எறிகிறீர்கள்.

இந்தப் படங்களுக்கு இப்போது உரிமையாளர் கிடையாது, பொதுச்சொத்து, யாரும் எதுவும் செய்யலாம் என்று உங்கள் பதிலில் ஒரு வரி இருந்தது. சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். உரிமை கேட்டு வழக்குப் போட ஆள் இல்லை என்பதால்தான் இந்த மடலே. அந்த மனிதருக்குக் கேட்க நாதி இல்லாமல் போனது இது முதல் தடவை இல்லை.

1917ஆம் ஆண்டு அவருக்கு எப்படி அமைந்தது என்று சொல்கிறேன். ஜூலையில் மனைவி திடீரென்று இறந்துபோனார். துக்க உடை வாங்கப் போன பதினாறு வயது மகள்மேல் கார் மோதி அவள் படுகாயம் அடைந்தாள். செப்டம்பரில், பார்த்துச் சில நாளே ஆன ஒரு பெண்ணை மணந்துகொண்டார், இரண்டு மாதத்துக்குள் அது விவாகரத்து வழக்கானது. அக்டோபரில் 'தி அட்வென்சரர்' வெளியானது. அதில் அவரைப் பாருங்கள், இவ்வளவும் ஒரு மனிதருக்கு நடந்துகொண்டிருந்தது என்று தெரியாது. டிசம்பர் 20ஆம் தேதி விடியற்காலை, ஒரு விருந்து முடிந்து குடித்த நிலையில் காரை ஓட்டிவந்து, லாஸ் ஏஞ்சலஸின் வில்ஷயர் சாலையில் விபத்தில் இறந்தார். வயது 37. சாப்ளின் அப்போது புது ஒப்பந்தம் போட்டு, சொந்தமாக ஸ்டூடியோ கட்டிக்கொண்டிருந்தார். அடுத்த படங்களிலும் கேம்பெல் இருந்திருப்பார்.

உடலை எரித்தார்கள். சாம்பலை வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை. இறுதிச் சடங்கு நிலையத்தில் இருபது வருஷத்துக்கு மேல் கிடந்தது. 1938இல் ஒரு கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றினார்கள், அங்கே அலுவலகத்தில் கிடந்தது. 1952இல்தான் புதைத்தார்கள். எந்த இடத்தில் என்று குறித்துவைக்கவில்லை. பிறந்த இடத்துக்கும் அதே கதி. ஸ்காட்லாந்தில் டனூன் என்ற ஊரில் பிறந்தவர் என்று வெகுகாலம் நம்பி, அங்கே நினைவுப் பலகைகூட வைத்தார்கள். பின்னால் தேடிப் பார்த்தவர்கள் அவர் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் சேல் என்ற ஊரில் பிறந்தவர் என்று கண்டார்கள். பிறந்த ஊரில் குழப்பம், புதைத்த இடம் தெரியாது. உறுதியாக மிஞ்சியிருப்பது அந்தப் 11 படங்களில் அவர் நிற்கும் இடம் மட்டும்தான். அந்த இடத்திலிருந்தும் அவரைத் தள்ள வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

அந்தக் காலத்திலேயே இந்தப் படங்களில் நடிகர்கள் பெயர் ஒழுங்காகப் போடவில்லையே, நாங்கள் மட்டும் ஏன் போட வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். போடாததுதான் காரணம். கதாநாயகி எட்னா பர்வையன்ஸ் பெயரை மட்டும் ஒரு இடத்தில் போட்டிருக்கிறீர்கள், அதுவும் பிழையாக. 'தி பான்ஷாப்' படத்தில் தம் கடிகாரத்தை சார்லி துண்டு துண்டாகப் பிரிப்பதை முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறாரே, அவர் ஆல்பர்ட் ஆஸ்டின். பர்மிங்ஹாம்காரர், அவரும் கார்னோ கம்பெனிதான். ஹென்றி பெர்க்மன், ஜான் ராண்ட், ஜேம்ஸ் டி. கெல்லி என்று ஒரு குழுவே மாறி மாறி வேடம் கட்டியிருக்கிறது. நாடகக் கம்பெனி போலத்தான் அது. நான் ஓட்டிய காலத்தில் டைட்டில் கார்டு வரும்போது விளக்கைப் போட்டுவிடக்கூடாது என்று என் குரு சொல்லித் தந்தார். பெயர் போகும்போது எழுந்து போகிறவர்களையும் கையமர்த்தி உட்கார வைப்பார்.

சரி, நான் கேட்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

வெட்டாத பழைய பிரதிகளை இந்த மாதக் கடைசியில் நீக்கும் முடிவைக் கைவிடுங்கள். இது மற்ற எல்லாவற்றையும்விட அவசரம். புதுப் பிரதிகளை வைத்துக்கொள்வதாக இருந்தாலும், முழுச் சட்டம் தெரியும் பிரதி முதலில் வரட்டும், பெரிதாக்கிப் பார்க்க விரும்புகிறவர்கள் அவர்களாகப் பெரிதாக்கிக்கொள்ளட்டும். போனில் அதற்கு இரண்டு விரல் போதும். வெட்டியதை மீட்கப் பார்ப்பவர்களிடம் எந்த விரலும் இல்லை.

நிமிர்ந்த வடிவத் துண்டுகளில் இந்த 11 படங்களின் காட்சிகளைப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் முழுச் சட்டத்தையும் சிறிதாக நடுவில் வைத்து, மேலும் கீழும் இருக்கும் இடத்தில் படத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள்.

குரலை நிறுத்திவைத்துப் பார்க்க ஒரு வழி கொடுங்கள், இசை மட்டும் ஒலிக்கட்டும். குரல் வேண்டும் என்பவர்களுக்கு வைத்திருங்கள், ஆனால் புதிதாக எழுதுங்கள். காட்சிகளுக்கு நடுவே வரும் வாசகத் தாள்களில் உள்ள வரிகளைத் தமிழில் படித்தால் போதும். நடப்பதைச் சொல்ல வேண்டாம், கண்ணுக்குத் தெரிகிறது. 'தடியன்', 'குண்டன்' என்ற சொற்களை எடுத்துவிடுங்கள். எழுத ஆள் வேண்டுமென்றால் நான் ஒரு காசும் வாங்காமல் 12 படத்துக்கும் எழுதித் தருகிறேன்.

ஓட்டும் வேகத்தை, மீட்டெடுத்தவர்கள் வைத்த வேகத்துக்குத் திருப்புங்கள்.

ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் நடித்தவர்களின் பெயரும் அவர்கள் ஏற்ற வேடமும் தமிழில் இருக்க வேண்டும். பட்டியலை நானே தயாரித்து இரண்டாவது மின்னஞ்சலோடு இணைத்திருக்கிறேன், இன்னொரு முறையும் அனுப்புகிறேன். நேரமில்லை என்றால் இன்றைக்கு ஒரு வரி மட்டும் சேருங்கள். 'தி இமிக்ரன்ட்' பக்கத்தில், சாப்ளின் பெயருக்கும் எட்னா பர்வையன்ஸ் பெயருக்கும் அடுத்து: தலைமை சர்வர் – எரிக் கேம்பெல்.

பதிலை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். உங்கள் தளத்திலேயே, எல்லோரும் பார்க்கும்படி எழுதுங்கள். மாதக் கடைசிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தியேட்டர் ஆப்பரேட்டர் ஒருவர்